ஸ்பிரிங்கை இறுக்கினால் எடை மாற்றம் குறையாது: ஃபார்முலா கார் கட்டும் கல்லூரி அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அணித் தம்பி, தங்கைகளுக்கு,

ஜனவரி வந்தால், மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் உங்கள் கார்கள் கோவை செட்டிப்பாளையத்துக்கு வந்து சேர்கின்றன. பந்தயக் கார்களின் சஸ்பென்ஷனில் கைவைத்துப் பிழைக்கிறவன் என்பதால், கரி மோட்டார் ஸ்பீட்வேயின் பிட் பக்கம் வந்தால் என் கண் முதலில் போவது, சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு (சேஸிஸ்) இணைக்கும் விஷ்போனுக்கும், சக்கரத்தின் அசைவை ஸ்பிரிங்குக்குக் கடத்தும் பெல் கிராங்குக்கும்தான். வெல்டிங் வருடத்துக்கு வருடம் நன்றாகிக்கொண்டே வருகிறது. கார்பன் ஃபைபர் வேலையைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் டிசைன் அறிக்கையைக் கையில் வாங்கிப் படித்தால் அணிக்கு அணி, கல்லூரிக்குக் கல்லூரி, ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: 'வளைவில் எடை மாற்றத்தைக் குறைப்பதற்காக ஸ்பிரிங்கைக் கடினமாக்கினோம், ஆன்டி-ரோல் பார் சேர்த்தோம்.'

(ஆன்டி-ரோல் பார் என்பது இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்து, கார் சாய்வதைத் தடுக்கும் முறுக்குக் கம்பி.) இந்த மடல் அந்த ஒரு வாக்கியத்துக்காக. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

வளைவில் ஓடும் காரில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எவ்வளவு எடை மாறும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. காரின் எடை, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம், பக்கவாட்டு முடுக்கம் எத்தனை ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு). எடையையும் முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கி அகலத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஸ்பிரிங்கே இல்லாமல் நான்கு சக்கரத்தையும் சட்டத்தோடு வெல்ட் செய்து ஓட்டினாலும் கிட்டத்தட்ட அதே எடைதான் மாறும்.

உங்கள் காரையே எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு சேர்த்து 300 கிலோ. ஈர்ப்பு மையம் 300 மில்லிமீட்டர் உயரத்தில். சக்கர அகலம் 1200 மில்லிமீட்டர். 1.2 ஜி-யில் திரும்புகிறது. பெருக்கி வகுத்தால் 90 கிலோ. (அறிக்கையில் நியூட்டனில் எழுதுங்கள், இங்கே பேச்சு வசதிக்காகக் கிலோ.) நிற்கும்போது பக்கத்துக்கு 150 கிலோ சுமந்த சக்கரங்கள், வளைவில் வெளியே 240, உள்ளே 60 என்று ஆகிவிடுகின்றன. ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு கடினமாக்குங்கள், அப்போதும் இதே 240, 60தான்.

'சார், கார் சாயும்போது ஈர்ப்பு மையமும் வெளியே நகருமே, ஸ்பிரிங்கை இறுக்கினால் அது குறையாதா?' என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். நல்ல கேள்விதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கார் ஒன்றரை டிகிரி சாய்ந்தால் ஈர்ப்பு மையம் பக்கவாட்டில் சுமார் 7 மில்லிமீட்டர் நகரும். அதனால் கூடுதலாக மாறும் எடை 2 கிலோவுக்கும் குறைவு. ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் இந்த 2 கிலோவில் ஒரு பகுதியைத்தான் மிச்சம் பிடிக்க முடியும். 90 கிலோ அப்படியே இருக்கும். கார் சாய்வதும் எடை மாறுவதும் ஒரே சமயத்தில் நடப்பதால், சாய்வைக் குறைத்தால் எடை மாற்றமும் குறைந்துவிட்டதாகக் கண் சொல்கிறது. தராசு அப்படிச் சொல்வதில்லை.

90 கிலோவைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் எடையைக் குறையுங்கள், ஈர்ப்பு மையத்தை இறக்குங்கள், அகலத்தைக் கூட்டுங்கள். ஈர்ப்பு மையம் 25 மில்லிமீட்டர் இறங்கினால் 90 என்பது 82.5 ஆகும். அகலத்தை 50 மில்லிமீட்டர் கூட்டினால் 86.4 ஆகும். ஆனால் அகலக் கூட்டலுக்கு விலை உண்டு: போட்டியின் ஆட்டோகிராஸ் ஓட்டத்தில் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும்போது அகலமான கார் கூடுதல் தூரம் பக்கவாட்டில் நகர வேண்டும், கூம்பைத் தட்டினால் நேர அபராதமும் வரும். அதனால் முதலில் உயரத்தில் கைவையுங்கள். உங்கள் காரிலேயே மிகப் பெரிய ஒற்றைப் பாரம் எஞ்சின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் மாட்டும் கேடிஎம் 390 பைக்கின் எஞ்சினைத் தூக்கிப் பார்த்த கையோடு உங்கள் ஓட்டுநரைத் தூக்கிப் பாருங்கள். 70 கிலோ ஆள், மொத்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு. அவருடைய இருக்கையை 30 மில்லிமீட்டர் இறக்கினால் மொத்தக் காரின் ஈர்ப்பு மையம் 7 மில்லிமீட்டர் இறங்கும், செலவே இல்லாமல். அதை விட்டுவிட்டு டைட்டானியம் போல்ட்டுக்கு ஸ்பான்சர் தேடுகிற அணிகளைப் பார்க்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சரி, இந்த 300 மில்லிமீட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கம்ப்யூட்டர் மாதிரியிலிருந்து. அந்த மாதிரியில் வயரிங் இல்லை, கூலன்ட் இல்லை, வெல்டிங் எடை இல்லை, ஓட்டுநர் இருந்தாலும் ஒரு பொம்மையாக இருப்பார். ஒருமுறையாவது கட்டிய காரில் அளந்து பாருங்கள். வழக்கமான முறை, பின்சக்கரங்களைத் தூக்கி வைத்து முன்சக்கரங்களில் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது. அதற்கு முன் ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரும்புக் கம்பி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும்போதே சஸ்பென்ஷன் அமுங்கி அளவு கெடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் காரின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்) 1550 மில்லிமீட்டர், 10 இஞ்ச் ரிம், சக்கர மையம் தரையிலிருந்து 230 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தை 400 மில்லிமீட்டர் தூக்கினால் முன்னால் கூடும் எடை மூன்றரைக் கிலோ சொச்சம்தான். இதில் தராசு ஒரே ஒரு கிலோ பிசகினால் ஈர்ப்பு மையத்தின் உயரத்தில் 19 மில்லிமீட்டர் பிசகிவிடும். நீங்கள் ஒரு சீசன் முழுக்கப் போராடி இறக்கிய 15 மில்லிமீட்டர், இந்தப் பிழைக்குள்ளேயே காணாமல் போய்விடும். 800 மில்லிமீட்டர் தூக்கினால் பிழை பாதிக்கும் கீழே வரும். அதனால் பயப்படாமல் உயரமாகத் தூக்குங்கள், ஆனால் சக்கரத்துக்கு அண்டைக் கட்டை போட்டு, ஓட்டுநருக்குப் பெல்ட் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி.

போட்டியிலேயே இலவசமாக ஒரு சோதனை கிடைக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சாய்வு மேடையில் உயரமான ஓட்டுநரை உட்காரவைத்துக் காரை 60 டிகிரி சாய்க்கிறார்கள். 60 டிகிரி என்பது சுமார் 1.7 ஜி-க்குச் சமம். மேல்பக்கச் சக்கரங்கள் மேடையை விட்டுத் தூக்கக் கூடாது. 1200 மில்லிமீட்டர் அகலமுள்ள கார் இதில் தேறியது என்றால் அதன் ஈர்ப்பு மையம் 346 மில்லிமீட்டருக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தேறியதும் கைதட்டிவிட்டு ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். மேல்பக்கச் சக்கரத்துக்கு அடியில் ஒரு காகிதத்தை இழுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். அது எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதிலிருந்தே உங்கள் கம்ப்யூட்டர் எண் எந்த அளவுக்கு உண்மை என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஜி எண்ணுக்கும் இதே கதைதான். அறிக்கையில் 1.8 ஜி என்று எழுதி அதற்கேற்ப விஷ்போன் குழாய் தேர்ந்தெடுக்கிறீர்கள். பலம் குறித்த கணக்குக்குக் கூடுதலாக எடுப்பதில் தப்பில்லை. ஆனால் முன், பின் சக்கரப் பிடிப்பின் பேலன்ஸ் கணக்கையும் அதிலேயே போடுகிறீர்கள். வட்டத்தில் சுற்றவைத்துக் காரின் பிடிப்பைச் சோதிக்கும் ஸ்கிட் பேடின் உள்வட்டம் 15.25 மீட்டர் விட்டம். உள்வட்டத்தை ஒட்டி ஓடும் காரின் நடுப்புள்ளிக்கு ஆரம் சுமார் 8.5 மீட்டர். ஒரு சுற்றுக்கு 5.9 வினாடி எடுத்த கார் 1 ஜி-யைக்கூட எட்டவில்லை. 1.2 ஜி என்றால் 5.3 வினாடி. 1.8 ஜி வேண்டுமானால் 4.4 வினாடிக்குள் சுற்ற வேண்டும். போன வருடத்து உங்கள் நேரத்தை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, அப்புறம் அறிக்கை எழுத உட்காருங்கள்.

இனி அடுத்த கேள்வி. ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும் மொத்தத்தைத் தொடவில்லை என்றால் அவை எதற்கு? அந்த 90 கிலோவில் முன் அச்சு எவ்வளவு வாங்குகிறது, பின் அச்சு எவ்வளவு வாங்குகிறது என்று பங்கு பிரிக்க. சஸ்பென்ஷன் டிசைனில் உங்கள் கைக்குள் இருக்கிற பெரிய அதிகாரம் இதுதான். அந்தப் பங்கு ஏன் முக்கியம் என்பதற்கு டயரைப் புரிந்துகொள்ள வேண்டும். டயரின் மேல் எடை கூடக் கூட அதன் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் கிடைக்கிற பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும்.

கணக்குக்காக ஒரு கற்பனை டயர்: சுமையே இல்லாதபோது உராய்வுக் கெழு 1.7, ஒவ்வொரு கிலோவுக்கும் அது 0.002 குறைகிறது. நான்கு சக்கரத்திலும் சமமாக 75 கிலோ. ஓர் அச்சில் இரண்டு டயரும் சேர்ந்து 232.5 கிலோ பக்கவாட்டு விசை தரும். 90 கிலோவை முன்னும் பின்னும் 45, 45 என்று பிரித்தால், ஒவ்வொரு அச்சிலும் வெளியே 120, உள்ளே 30. இப்போது அச்சுக்கு 224.4. சமமான பிரிவு, சமமான இழப்பு. இனி முன் ஆன்டி-ரோல் பாரை இறுக்கி, முன் அச்சு 60, பின் அச்சு 30 வாங்கும்படி செய்யுங்கள். முன் அச்சு 218.1-க்கு இறங்கிவிடும், பின் அச்சு 228.9-க்கு ஏறிவிடும். மொத்த எடை மாற்றம் அதே 90, ஆனால் இப்போது முன்சக்கரம்தான் முதலில் வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் நேரே போகப் பார்க்கும். அன்டர்ஸ்டியர். பின் பாரை இறுக்கினால் கதை தலைகீழ். உங்கள் டயரின் உண்மையான எண்கள் வேண்டுமென்றால், ஃபார்முலா எஸ்ஏஇ டயர் டெஸ்ட் கன்சார்ட்டியத்தில் உறுப்பினராகி, அமெரிக்காவின் பஃபலோ நகரில் கால்ஸ்பன் கூடத்தில் எடுத்த அளவுகளை வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய பிறகு அதைத் திறந்து பார்க்கவும் வேண்டும்.

பங்கு தப்பாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கார் ஒன்று நல்ல பாடம். செவ்ரொலே கொர்வேர், 1960 மாடலாக வந்த அமெரிக்கக் கார். எஞ்சின் பின்னால், எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் பின் அச்சில். பின்னால் ஸ்விங் ஆக்சில்: சக்கரமும் அரை அச்சும் ஒரே துண்டாகக் கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டில் ஊசலாடும். இந்த அமைப்பில் ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) உயரமாக இருக்கும். அதாவது பின் அச்சு வாங்கும் எடையில் பெரும்பகுதி ஸ்பிரிங் வழியாகப் போகாமல் நேராக அச்சு வழியாகவே டயருக்குப் போய்விடும். முன்னால் ஆன்டி-ரோல் பார் வழக்கமான பொருத்தமாகக் கிடையாது. ஆக முன் அச்சு தன் பங்கை வாங்கவில்லை, ஏற்கெனவே பாரம் சுமக்கும் பின் அச்சே எடை மாற்றத்தையும் சுமந்தது. எல்லை மீறினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, வெளிச் சக்கரம் உள்ளே மடங்கி, பின்பக்கம் சுழன்றுவிடும்.

இதைத் தயாரிப்பாளர்கள் எப்படிச் சமாளிக்கப் பார்த்தார்கள் தெரியுமா? டயர் காற்றில். முன்னால் 15 பிஎஸ்ஐ, பின்னால் 26 பிஎஸ்ஐ வைக்கச் சொன்னார்கள். முன் டயர் தொளதொளவென்று இருந்தால் முன்பக்கம் முதலில் வழுக்கும், பின்பக்கம் தப்பிக்கும் என்ற கணக்கு. காற்றடிக்கிற இடத்தில் நான்கு டயருக்கும் ஒரே அளவில் அடித்துக்கொண்டு போகிறவர்கள்தான் எங்கேயும் அதிகம். ஒரு காரின் பாதுகாப்பை அவர்கள் ஞாபகசக்தியை நம்பி விட்டது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. 1964 மாடலில் முன்னால் ஆன்டி-ரோல் பாரும் பின்னால் குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கும் வந்தன. 1965-இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். 1964 காரில் ஈர்ப்பு மையமோ சக்கர அகலமோ பெரிதாக மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். பங்கைத்தான் மாற்றினார்கள்.

இதன் உச்சகட்ட உதாரணம் நம் தெருவிலேயே ஓடுகிறது. ஆட்டோவுக்கு முன்னால் ஒற்றைச் சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் இடது வலது கிடையாது, அதனால் பக்கவாட்டு எடை மாற்றத்தில் ஒரு கிராம்கூட அதனால் வாங்க முடியாது. மொத்தமும் பின் அச்சின் தலையில். முன்னால் என்ன ஸ்பிரிங் மாட்டினாலும் இது மாறாது. ரவுண்டானாவில் வேகமாகத் திரும்பும் ஆட்டோவின் உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிக்கொள்வதற்கு இதுவே பெரிய காரணம்.

ரோல் சென்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் அதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திக்கொண்டே இரவுகளைக் கழிக்கிறீர்கள். ஓர் அச்சு வாங்கும் எடையில் மூன்று கூறு உண்டு: சக்கரம், அப்ரைட், ஹப் போன்ற ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவற்றின் பங்கு, விஷ்போன் வழியாக நேராகப் போகும் பங்கு, ஸ்பிரிங், பார் வழியாகச் சாய்வோடு போகும் பங்கு. ரோல் சென்டரை உயர்த்தினால் இரண்டாவது கூடி மூன்றாவது குறையும், கூடவே காரைத் தரையிலிருந்து தூக்கும் விசையும் வரும். இது முக்கியம்தான். ஆனால் முன்னும் பின்னும் ரோல் சென்டர் தரைக்குச் சற்று மேலே 20, 40 மில்லிமீட்டரில் இருக்கிற உங்களுடையது போன்ற காரில் பெரும்பங்கு மூன்றாவது கூறில்தான் இருக்கிறது. அந்தக் கூறைத் தீர்மானிக்கும் ஸ்பிரிங் எண்ணிலேயே பல அணிகள் தப்புச் செய்கின்றன.

தப்பு எங்கே என்றால், மோஷன் ரேஷியோவை இருமடி செய்யாமல் விடுவதில். சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 8 மில்லிமீட்டர் அமுங்கினால் ரேஷியோ 0.8. சைக்கிள் ஷாக்கோடு வரும், இஞ்சுக்கு 250 பவுண்டு ஸ்பிரிங் என்பது மில்லிமீட்டருக்கு சுமார் 44 நியூட்டன். சக்கரத்தில் அது 0.64 மடங்காகி 28 நியூட்டன். இருமடி செய்ய மறந்தவர்களுக்கு 35. ஒவ்வொரு மூலையிலும் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் எடை 65 கிலோ என்றால் 28-க்கு இயல்பு அதிர்வெண் 3.3 ஹெர்ட்ஸ், 35-க்கு 3.7 ஹெர்ட்ஸ். முன்னால் ஒரு ரேஷியோ, பின்னால் வேறு ரேஷியோ என்றால் இந்தத் தப்பு இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் விழும், போட்ட பங்குக் கணக்கு முழுவதும் சாயும்.

சட்டத்தின் முறுக்கு விறைப்பும் இதில் வருகிறது. முன் பாரை இறுக்கி அதன் விளைவைப் பின் அச்சுக்குக் கடத்த வேண்டியது நடுவில் இருக்கிற சட்டம்தான். சட்டம் முறுகினால் பாரில் நீங்கள் செய்த மாற்றம் பாதி வழியிலேயே கரைந்துவிடும். பாரை மூன்று ஓட்டை நகர்த்தியும் ஓட்டுநர் 'வித்தியாசமே தெரியவில்லை' என்றால் ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன் எஞ்சின் அறைப் பக்கத்துக் குழாய்களில் முக்கோணம் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷாக் அப்சார்பரைப் பற்றிச் சுருக்கமாக. அது நகரும்போது மட்டும் விசை தரும். எடை எவ்வளவு வேகமாக மாறுகிறது, வளைவுக்குள் நுழையும் அந்த அரை வினாடியில் எந்த அச்சு முந்திக்கொள்கிறது என்பதை அது மாற்றும். நிலையாகத் திரும்பும்போது எத்தனை கிலோ மாறி நிற்கிறது என்பதில் அதற்கு வேலை இல்லை. ஸ்கிட் பேடில் கார் பிடிக்கவில்லை என்று ஷாக்கைத் திருகிக்கொண்டிருப்பது நேர விரயம்.

பிரேக்குக்கும் இதே கணக்குதான், அகலத்துக்குப் பதில் வீல்பேஸ். 300 கிலோ கார் 1.4 ஜி-யில் பிரேக் பிடித்தால் 81 கிலோ முன்னால் போகும். நிற்கும்போது முன்னால் 144 இருந்தால் இப்போது 225, அதாவது நான்கில் மூன்று பங்கு. பிரேக் பயஸை (முன், பின் பிரேக்குக்கு விசையைப் பிரிக்கும் விகிதத்தை) நிற்கும் எடையை வைத்துப் போடாதீர்கள். சஸ்பென்ஷனில் ஆன்டி-டைவ் கோணம் வைத்தால் காரின் மூக்கு குனிவது குறையும், 81 கிலோ குறையாது.

இதெல்லாம் காகிதத்தில். காரில் நிஜமாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, நிறைய அணிகள் அதைச் செய்யாமலே வருகின்றன: நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை பார்ப்பது. பந்தயத் தராசு விலை அதிகம்தான். மொத்த வியாபாரக் கடையில் அரிசி மூட்டை போடும் 150 கிலோ எடை மேடை நான்கு வாடகைக்குக் கிடைத்தால் போதும். முதலில் நான்கு மேடையின் மேல்மட்டமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு லேசர் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப்பை வாங்கி, ஒரு முனையை ஒரு மேடையோரம் பிடித்து மறு முனையை மற்ற மூன்றுக்கும் நகர்த்திப் பாருங்கள். தாழ்ந்த மேடைக்கு அடியில் தகடு வையுங்கள். ட்யூப்பில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும், தட்டி வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். டயர் காற்று சரியான அளவில், பெட்ரோல் ஓடும் அளவில், ஓட்டுநர் ஹெல்மெட்டோடு உள்ளே, ஸ்டியரிங் நேராக, ஆன்டி-ரோல் பாரின் இணைப்புக் கம்பி கழற்றிய நிலையில். காரை மேடையில் ஏற்றியதும் நாலு முறை அமுக்கி ஆட்டிவிடுங்கள், டயர் பக்கவாட்டில் சிக்கிக்கொண்டு நிற்காமல் இருக்க.

அளந்தால் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: முன் இடது 74, முன் வலது 70, பின் இடது 72, பின் வலது 84. முன்னால் 144, பின்னால் 156. இடது 146, வலது 154. ஒரு மூலைவிட்டம் 158, இன்னொன்று 142. இப்படிப்பட்ட கார் இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேறு மாதிரியும் திரும்பும்; ஓட்டுநர்கள் காரணம் தெரியாமல் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வார்கள். முன் வலது ஸ்பிரிங் இருக்கையைச் சற்று ஏற்றினால் முன் வலதும் பின் இடதும் கூடும், மற்ற இரண்டும் குறையும். 70, 74, 76, 80 என்று வந்ததும் நிறுத்துங்கள். மூலைவிட்டம் இரண்டும் 150. இப்போது முன்னையும் பின்னையும் கூட்டிப் பாருங்கள்: அதே 144, அதே 156. இடது வலதும் மாறவில்லை. திருகைச் சுற்றி எடையை மூலைவிட்டத்தில்தான் நகர்த்த முடியும். வலப்பக்கம் கூடுதலாக இருக்கும் 8 கிலோ வேண்டாம் என்றால் ஏதாவது பொருளைக் கழற்றி இடப்பக்கம் மாட்டியே ஆக வேண்டும். 4 கிலோ பேட்டரி சட்டத்தின் வலது ஓரத்தில் இருந்தால் இடது ஓரத்துக்கு மாற்றுங்கள். சட்டம் சக்கர அகலத்தில் பாதிதான் என்பதால் வித்தியாசம் பாதியாகக் குறையும், அதுவே பெரிய விஷயம்.

நீங்கள் ஓட்டுகிற பாதைக்குப் பெயர் கொடுத்த கரிவர்தன் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. கோவைக்காரர். மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, குறைந்த செலவில் இந்தியப் பையன்கள் பந்தயம் ஓட்ட வழி செய்தவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அன்றைக்கு சோழவரத்தில், பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில், பந்தயம் நடந்த காலத்தில் சிமுலேஷன் மென்பொருள் யார் கையிலும் இல்லை. இன்று உங்கள் மடிக்கணினியில் எல்லாம் இருக்கிறது, ஆனால் தராசு இல்லை.

துறைப் பேராசிரியர்களுக்கும் இந்த மடலில் ஒரு வேண்டுகோள். மாணவர்கள் எடை மேடை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கோப்பு கொண்டுவந்தால், அது ஜனவரிக்குள் கையெழுத்தாகட்டும். மென்பொருள் உரிமத்துக்கு உடனே கிடைக்கும் அனுமதி, இரும்பு மேடைக்குக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது என்று பிட்டில் வருடாவருடம் கேட்கிறேன்.

அணிகளிடம் நான் கேட்பது இவ்வளவே. மொத்தம் 1000 புள்ளியில் 150 டிசைனுக்கு. அடுத்த முறை அந்த மேசைக்கு வரும்போது ஓட்டுநரோடு அளந்த நான்கு சக்கர எடை, காரைத் தூக்கி அளந்த ஈர்ப்பு மைய உயரம், அந்த அளவில் எத்தனை மில்லிமீட்டர் பிழை இருக்கலாம் என்ற குறிப்பு, முன் அச்சு வாங்கும் பங்கு எத்தனை சதவீதம், பாரை ஓர் ஓட்டை நகர்த்தினால் அந்தச் சதவீதம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஒரே தாளில் கொண்டு வாருங்கள். எண்கள் அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிட் பக்கம் எங்காவது நின்றுகொண்டிருப்பேன். தண்ணீர் ட்யூப் இல்லாத அணிக்கு என்னுடையதைத் தருகிறேன், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு சஸ்பென்ஷன் மெக்கானிக்